மச்சான் பிடிக்க வேண்டிய கயிறு

அக்கராயன் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவர்களுக்கெல்லாம் இலட்சுமியைத் தெரியும். நாற்று நடுகையா, களையெடுப்பா, அவள் காதில் ஒரு சொல் போட்டுவிட்டால் போதும். பொழுது கிளம்பமுன்னம் பெண்களைச் சேர்த்துக்கொண்டு வரம்பில் வந்து நிற்பாள். கை வேகம், வாய் அதைவிட வேகம். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்து காணி எடுத்த அப்புத்துரை, ஊரில் ஒருவருக்கும் விட்டுக்கொடுக்காத மனிதர், அவரும் அவளோடு கதைக்கும்போது சொல்லைப் பார்த்துத்தான் விடுவார்.

ஆனால் அவளுடைய வீட்டுக்குள்ளே போய் இருந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிக்க யாரும் விரும்புவதில்லை. உள்ளே வரச் சொன்னால், "முத்தத்திலை காத்து நல்லாயிருக்கு" என்று சொல்லி முற்றத்திலேயே நின்றுவிடுவார்கள். காற்று ஒரு சாட்டு. உள்ளே முகட்டு வளை மரத்தில் ஒரு கயிறு தொங்கியது. அதுதான் சங்கதி.

கயிறு அவளுடைய தம்பி சுமனுடையது.

அவர்கள் மலைநாட்டுச் சனம். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து உடுத்த துணியோடு லொறியேறி, கிளிநொச்சி பாரதிபுரத்தில் வந்து காடு வெட்டிக் குடிசை போட்டவர்கள். லொறியில் வரும்போது இலட்சுமிக்குப் பதின்மூன்று வயது. சுமன் அவளுடைய இடுப்பில் இருந்தான். வந்த அடுத்த மாரிக்கே தாயை மலேரியா கொண்டுபோயிற்று. தகப்பனும் அதற்குப் பிறகு நெடுநாள் தாக்குப்பிடிக்கவில்லை. தம்பிக்குச் சோறு குழைத்துக் கொடுத்ததும் அவள்தான், பூவரசங் கம்பு முறித்து அடித்ததும் அவள்தான்.

அவள் கட்டிக்கொண்ட வீரையாவும் அதே தோட்டத்தான். மலைப்பாறையில் தொங்கித் தேன் வெட்டுகிற குடும்பம். வன்னிக்கு வந்த பிறகும் அவன் அதை விடவில்லை. பாலை, வீரை மரங்கள் பூத்து முடிய, வைகாசி ஆனியில், காட்டுக்குள்ளே கிடக்கிற பெரிய பாறைகளில் ஏணி கட்டி இறங்குவான். இந்த வேலையில் ஒரு முறை உண்டு. இறங்குகிறவனின் இடுப்புக் கயிற்றை அவனுடைய பெண்சாதியோடு கூடப்பிறந்தவன்தான் மேலே நின்று பிடிக்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாது. அண்ணன் தம்பிக்குள் காணிச் சண்டை வரும், பொறாமை வரும். மச்சானுக்கு அப்படியில்லை. கயிறு கைநழுவினால் தாலியறுப்பது தன்னுடைய அக்காள், தங்கச்சி. அதை நினைத்தாவது இறுக்கிப் பிடிப்பான்.

சுமன் தோள் முற்றிய நாளிலிருந்து அந்தக் கயிற்றைப் பிடித்தான். தென்னந்தும்பு வாங்கித் தானே முறுக்கி எடுத்த கயிறு. பிடித்தால் வாய் ஓயாது. கீழே தொங்குகிறவனுக்குக் கேட்குதோ இல்லையோ, "இருக்கேன் மச்சான்... விடுறேன் மச்சான்... பைய மச்சான்..." என்று சொல்லிக்கொண்டே நிற்பான். "அவன் வாய் மூடினா எனக்குக் கால் கூசும்" என்று வீரையா சொல்லிச் சிரிப்பான்.

தொண்ணூற்றாறில், ஆமி கிளிநொச்சிக்கு வெளிக்கிட்டபோது, பாரதிபுரமும் மற்ற ஊர்களைப் போலவே எழும்பி நடந்தது. இலட்சுமியும் வீரையாவும் மகள் தனுஷாவும் சுமனும் அக்கராயனுக்கு வந்து, அப்புத்துரையின் வளவு மூலையில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டார்கள். வந்து இரண்டாம் நாள் சுமன் சைக்கிளை எடுத்தான்.

"கோழியெல்லாம் கூட்டுக்குள்ள கிடந்து சாகப்போவுது அக்கா. கயிறும் அங்கதான் கெடக்கு. போனதும் வந்ததுமா வந்துர்றேன்."

இலட்சுமி மறித்தாள். அவன் பெடலில் காலை வைத்துவிட்டான்.

மூன்றாம் நாள் சைக்கிள் மட்டும் வந்தது. அக்கராயன் றோட்டில் ஒரு மதகுக்குப் பக்கத்தில் நின்றதாம். தெரிந்த ஒருவர் அடையாளம் கண்டு உருட்டிக்கொண்டு வந்தார். விழுந்து கிடக்கவில்லை, ஒழுங்காக ஸ்ராண்ட் போட்டு, மரநிழலில், ஒரு அலுவலாக ஒதுங்கினவன் இப்போது வந்து எடுக்கப்போகிறான் என்பது போல நின்றதாம். கரியரில் கயிறு சுருட்டி, சைக்கிள் ரியூப்பால் இறுக்கிக் கட்டியிருந்தது. சில்லில் காற்றுக்கூடக் குறையவில்லை. வீரையா ஓடிப்போய் மதகின் இரண்டு பக்கமும் பற்றைகளை விலக்கி விலக்கிப் பார்த்தான். அன்று முழுக்க ஆமியின் செல் விழுந்து வெடித்துக்கொண்டிருந்தது. பிறகு அந்தப் பக்கம் யாரும் போக முடியாமல் போயிற்று.

கயிற்றைக் கட்டு அவிழ்க்காமல் அப்படியே வளையில் கொழுவினாள் இலட்சுமி. அவன் வந்து அவிழ்க்கட்டும் என்று நினைத்தாள்.

சில நாள் உச்சி வெயிலில், இலைகூட அசையாத நேரத்தில், கயிறு வளையோடு உராய்கிற சத்தம் வரும். "கூரை காயுது" என்பான் வீரையா. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அது ஆடினதைக் கண்டதாகச் சொன்னார்கள். சனம் முற்றத்தோடு நின்றுகொள்ளத் தொடங்கியது அப்படித்தான். இலட்சுமிக்கு அந்தச் சத்தம் பயத்தைத் தரவில்லை. வீட்டில் ஒரு ஆள் புரண்டு படுக்கிற சத்தம் போல அவளுக்கு அது பழகிவிட்டது. வாசல் படலைக்கு அவள் கொக்கி போடுவதில்லை. சோறு வடிக்கும்போது ஒரு சுண்டு அரிசி கூடுதலாகப் போடுவாள். மிஞ்சினதை விடியத் தண்ணீர் ஊற்றிக் குடிப்பாள்.

தொண்ணூற்றெட்டுக் கடைசியில் கிளிநொச்சி ஆமியிடமிருந்து திரும்பப் பிடிபட்டு, சனம் போய் வளவு துப்புரவாக்கத் தொடங்கியபோது, கிணறுகளில் எலும்புகள் கிடந்தன. யார் யாருடையதென்று ஒருவருக்கும் தெரியாது. கேள்விப்பட்ட போதெல்லாம் இலட்சுமி போய் எட்டிப் பார்த்தாள். சுமனுக்கு முன்பல் ஒன்று மற்றதில் ஏறியிருக்கும். "அவனில்ல" என்று சொல்லிக்கொண்டு திரும்பி வருவாள். அப்படி வந்த நாட்களில் குழம்பு வைத்து, வயிறு நிறையச் சாப்பிடுவாள். வீரையா அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். கயிறு பிடிக்க ஆளில்லையென்று அவன் பாறைப் பக்கமே போகவில்லை. அப்புத்துரையின் வயலில் வரம்பு கட்டிப் பிழைத்தான்.

இரண்டாயிரமாம் ஆண்டு வைகாசியில், மண்ணெண்ணெயில் ஓடுகிற மோட்டார்சைக்கிள் ஒன்று புகை கக்கிக்கொண்டு படலையில் வந்து நின்றது. இறங்கினவர் யோகலிங்கம். அளம்பிலுக்குத் தெற்கே கடற்றொழில் செய்கிறவர்.

"வீரையா அண்ணை எண்டது நீங்கள்தானோ? மல்லாவிச் சந்தையிலை விசாரிச்சனான். எல்லாரும் உங்களைத்தான் சொல்லிச்சினம்."

விஷயம் இதுதான். அவர்களுடைய கரையில் கடலை முட்டிக்கொண்டு ஒரு பெரிய பாறை. கப்பல் கரை தட்டினது போல இருக்கும் என்பதால் அதற்குக் கப்பற்கல் என்று பேர். ஊர்ப் பள்ளிக்கூடம் குண்டில் இடிந்துபோக, பாறைக்குக் கீழே மர அடர்த்திக்குள் ஓலைக் கொட்டில் போட்டுப் பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். கிபிர் விமானம் வந்தால் மேலேயிருந்து தெரியாது. இந்த வருடம் பாறையின் நெஞ்சில் பெருந்தேனீ மூன்று இடத்தில் அடை கட்டி வதை வைத்துவிட்டது. போன கிழமை ஒரு பிள்ளையைக் குத்திக் கந்தலாக்கி, ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் உயிர் பிடித்தார்கள்.

"பெடியள் மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்துவம் எண்டு நிக்கிறாங்கள். கொளுத்தினால் அது இன்னும் ஊர்ச்சனத்தைக் கலைச்சுக் குத்தும். நீங்கள் ஒருக்கா வந்தால் பெரிய உதவி அண்ணை."

"நான் அந்த வேலைய விட்டு நாலு வருசமாச்சு தம்பி. கயிறு பிடிக்க ஆளில்ல."

"கரைவலை இழுக்கிற ஆக்கள் எங்களிட்டை எத்தினை பேர் இருக்கினம்."

"வலை வேற. இது வேற." வீரையா மச்சான் முறையைச் சொன்னான். தன் மச்சானுக்கு என்ன நடந்தது என்பதை அவன் சொல்லவில்லை. யோகலிங்கம் வளையிலிருந்த கயிற்றைக் கதவு வழியே பார்த்தார்.

பனங்கட்டியோடு தேத்தண்ணி கொண்டுவந்த இலட்சுமி, கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "நான் புடிக்கிறேன்."

யோகலிங்கம் போன பிறகு வீட்டில் சண்டை. பொம்பளை கயிறு பிடித்து எங்கேயும் கேள்விப்பட்டதில்லை என்றான் வீரையா.

"எதுக்கு மச்சான் புடிக்கணும்னு வச்சாங்க? அவனோட அக்கா தாலி அறுக்கக் கூடாதுன்னுதானே. அந்தத் தாலி என் கழுத்துல கெடக்கு. என்னை விட யாரு இறுக்கிப் புடிப்பா?"

அவன் எழும்பி அப்புத்துரையின் மாட்டைப் பார்க்கப் போனான். அது சம்மதம் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் பயணக் கதைதான். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு அப்புத்துரையின் ட்ராக்டர் சனம் ஏற்றிக்கொண்டு போக இருந்தது. அதிலேயே போய், பொங்கல் பார்த்து, யோகலிங்கம் வந்து கரைக்குக் கூட்டிப்போவது என்று முடிவாயிற்று. புகைக்கு என்ன இலை கொண்டுபோவது, கடற்கரையில் எந்த இலை கிடைக்கும், காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று வீரையா யோசித்துக்கொண்டே இருந்தான். இரண்டு சாக்கைப் பிரித்து இலட்சுமி அவனுக்கு உடம்பு மூட ஒரு அங்கி தைத்தாள். நெடுநாளைக்குப் பிறகு அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது. தனுஷா வன்னியில் பிறந்து வன்னியில் வளர்ந்தவள். பேச்சும் ஊர்ப் பேச்சு. அவளுக்கு ஒரே கேள்விதான்.

"அம்மா, கடல் எங்கடை குளத்தை விடப் பெரிசோ? அங்காலைக் கரை தெரியுமோ?"

"தெரியாது."

"பிறகு எப்பிடி அங்காலை ஆக்கள் இருக்கினம் எண்டு தெரியும்?"

இலட்சுமி வளையிலிருந்த கயிற்றை நிமிர்ந்து பார்த்தாள். "போய்ப் படி" என்றாள்.

கயிற்றை அவள்தான் இறக்கினாள். ரியூப் காய்ந்து வெடித்து, தொட்டவுடன் அறுந்தது. சுருளை விரித்தபோது உள்மடியிலிருந்து ஒரு இறகு விழுந்தது. செம்மஞ்சள் நிறம். அவர்களுடைய பேட்டுக் கோழியின் இறகு. அப்படியென்றால் அவன் வீட்டுக்குப் போயிருக்கிறான். கோழியைப் பிடித்திருக்கிறான். கோழியோடும் கயிற்றோடும் திரும்பி வந்துகொண்டிருந்திருக்கிறான். மதகிலிருந்து கொட்டிலுக்கு இன்னும் கொஞ்சத் தூரம்தான் மிச்சம். அவள் இறகைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். வீரையாவிடம் சொல்லவில்லை.

கயிறு அடுப்புப் புகையில் இருந்ததால் உளுத்துப்போகவில்லை. வீரையா அதைக் குளத்தில் ஊறவைத்து, புளியமரத்தில் கட்டி, முழுப்பாரமும் கொடுத்துத் தொங்கிப் பார்த்தான். பிறகு அவளைப் பிடிக்கச் சொன்னான். அவன் கயிற்றை ஒருதரம் சுண்டினால் இளக்க வேண்டும். இரண்டுதரம் சுண்டினால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். அவனுடைய பாரம் கைக்கு வந்ததும் இலட்சுமி திடுக்கிட்டாள். இத்தனை வருடம் பக்கத்தில் படுத்த மனிதன் இவ்வளவு பாரமென்று அவளுக்குத் தெரியாது. சுமனுக்குத் தெரிந்திருந்தது.

வெளிக்கிடுகிற அன்று, பயணப் பையில் உடுப்பு அடுக்கும்போது, அடியில் ஒரு பொட்டலம் தட்டுப்பட்டது. பிரித்தாள். எள்ளு, பச்சரிசி, ஒரு பிடி தர்ப்பை.

"இது யாருக்கு?"

வீரையா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நாலு வருசமாச்சு புள்ள. கடலுக்குப் போறோம். இன்னொருக்கா எப்ப போவோமோ. ஒரு கடன் கழிச்சிட்டு வந்தா அவனுக்கும்..."

"செத்தவங்களுக்குத்தான் எள்ளு."

அவள் பொட்டலத்தை எறியவில்லை. எப்படி இருந்ததோ அப்படியே மடித்து, அதே இடத்தில் வைத்தாள். ட்ராக்டரில் போகும் வழி முழுக்க அவள் வாய் திறக்கவில்லை. கூட வந்த பெண்களுக்கு அது புதினமாக இருந்தது.

வற்றாப்பளையில் சனக் கடல். எண்ணெய்க்குப் பதில் உப்புத் தண்ணீரில் எரிகிற அம்மன் விளக்கின் முன்னால் எல்லோரும் யாரோ ஒருவரின் பெயரைச் சொல்லி அழுதார்கள். இலட்சுமி அழவில்லை. விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தாள். அடுத்த நாள் யோகலிங்கம் அவர்களைக் கரைக்குக் கூட்டிப்போனார்.

தனுஷா கடலைக் கண்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டு, கால் நனையாத தூரத்தில் நெடுநேரம் நின்றாள்.

கப்பற்கல் இலட்சுமி நினைத்ததை விட உயரம். நிலத்துப் பக்கம் சரிவாக ஏறலாம். கடற்பக்கமும் பள்ளிக் கொட்டில் பக்கமும் வெட்டிவிட்டது போல நெட்டுக்குத்து. பாறையின் நெஞ்சில் மூன்று வதையும் கறுத்த சாக்குத் துண்டுகள் போலத் தொங்கின. உற்றுப் பார்த்தால் அந்தக் கறுப்பு முழுக்க அசைந்தது. வீரையா கீழே நின்று, மேலே நின்று, பக்கவாட்டில் நின்று பார்த்தான். யோகலிங்கத்தின் வள்ளத்து நைலோன் கயிற்றில் தடி செருகி ஏணி கட்டினான். உச்சியில் பாறை வெடிப்பில் வேரோடி இரண்டு பாலை மரங்கள் நின்றன. ஒன்றில் ஏணி. மற்றதைச் சுற்றிச் சுமனின் கயிறு, ஒரு நுனி வீரையாவின் இடுப்பில், மறுநுனி இலட்சுமியின் கையில்.

பொழுது சாய்ந்து வெயில் மஞ்சளானதும் வீரையா சாக்கு அங்கியை மாட்டிக்கொண்டு, இலை சுற்றிய புகைக்கட்டையையும் கத்தியையும் தேனுக்குத் தகரத்தையும் எடுத்தான். விளிம்பில் உட்கார்ந்து காலைக் கீழே விட்டான். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. இறங்குகிறவன் மேலே பார்க்கக் கூடாது.

தலை மறைந்தது. பிறகு கயிறு மட்டும்தான். ஏணி கட்டின மரத்தடியில், கூப்பிடு தூரத்தில், யோகலிங்கம் இருந்தார். கடல் இரைச்சலில் கீழேயிருந்து ஒரு குரலும் வராது. ஒரு சுண்டல் வந்தது, இளக்கினாள். மறுபடி ஒன்று, இளக்கினாள். பிறகு இரண்டு. மரத்தில் காலை முட்டுக்கொடுத்து இறுக்கிப் பிடித்தாள். புகை விளிம்பைத் தாண்டி மேலே வந்தது. அதன் பின்னால் இரைச்சல் எழும்பியது. அது கடல் இரைச்சல் அல்ல. தேன் நிறைந்த தகரம் ஒன்றை யோகலிங்கம் தூக்கி எடுத்தார். பிறகு இன்னொன்று. உள்ளங்கை எரிந்தது. தோள் மரத்தது. கயிற்றில் அவனுடைய மூச்சுக்கூடத் தெரிந்தது. ஒவ்வொரு அசைவும் நரம்பு வழியாக வருவது போல அவளுக்குள்ளே வந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாளென்று பிறகு கேட்டபோது அவளால் சொல்ல முடியவில்லை.

திடீரென்று கயிறு அசையாமல் நின்றது. இளகவும் இல்லை, சுண்டவும் இல்லை. பாரம் அப்படியே இருந்தது. ஆனால் உயிர் போனது போல இருந்தது. புகையும் நின்றது. இரைச்சல் கூடியது.

யோகலிங்கம் எழும்பிப் பார்த்தார். "அக்கா, கட்டை கீழை விழுந்திட்டுது. கடலுக்குள்ளை போயிட்டுது."

கயிறு பிடிக்கிறவன் எந்தக் காரணத்துக்கும் இடம் விட்டு அசையக் கூடாது. சுமன் ஒருநாளும் அசைந்ததில்லை. இலட்சுமி கயிற்றை மரத்தில் முடிந்தாள். ஒருதரம் இழுத்துப் பார்த்து, மறுபடி முடிந்தாள். பிறகு முழங்காலில் தவழ்ந்து விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தாள்.

வீரையா ஏணியைக் கட்டிப்பிடித்தபடி பாறையோடு முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றான். தேனீ அவன் முதுகில் கம்பளம் போல மொய்த்திருந்தது. அவன் அதைத் தட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எதையோ கேட்கிறவன் போல இருந்தான்.

"இந்தாங்க" என்று கத்தினாள். அவன் அசையவில்லை. "நான் லெச்சுமி. மேல நான்தான் நிக்கிறேன், வேற யாருமில்ல. ஏறி வாங்க."

அவள் ஏன் 'வேற யாருமில்ல' என்று சொன்னாளென்று அவளுக்கே தெரியாது. அவன் கண்ணைத் திறந்தான். ஒரு படி ஏறினான். பிறகு அடுத்தது. யோகலிங்கமும் அவளும் அக்குளில் கைகொடுத்து இழுத்து மேலே போட்டார்கள். ஈரச் சாக்கால் மூடி, மூன்று பேரும் சரிவு வழியே உருண்டும் புரண்டும் இறங்கினார்கள்.

கொட்டிலுக்கு நேர் மேலே இருந்த இரண்டு வதையையும் அவன் வெட்டிவிட்டிருந்தான். கடற்பக்கத்து வதைக்கு நகரும்போது கட்டை விழுந்ததால், அதை யாரும் தொடவில்லை. நாலைந்து நாளில் அந்தப் பூச்சியும் கலைந்து போயிற்றென்று பிறகு செய்தி வந்தது. பள்ளிக்கூடம் திரும்ப நடந்தது. ஊருக்கெல்லாம் தேன் கொடுத்தார்கள். குத்து வாங்கின பிள்ளைக்கு முதற் போத்தல்.

அடுத்த நாள் விடிய, முகம் பூசணிக்காய் போல வீங்கியிருக்க, வீரையா கடற்கரை மணலில் குந்திக்கொண்டிருந்தான். இலட்சுமி போய்ப் பக்கத்தில் இருந்தாள்.

"மேல யாரு கதைச்சது?" என்றான்.

"யோகலிங்கம் தம்பி இருந்தாரு. நான் இருந்தேன்."

"அவரு குரல் இல்ல. 'இருக்கேன் மச்சான், பைய மச்சான்'னு கேட்டுது. முதல்ல காத்துன்னு நெனைச்சேன். பிறகு என் காதுக்குப் பக்கத்துல கேட்டுது. புகைக்கட்டை எப்ப விழுந்திச்சுன்னு எனக்குத் தெரியாது."

வலை உதறிக்கொண்டிருந்த யோகலிங்கம் தலையை நிமிர்த்தினார். "அக்காதான் கதைச்சவா அண்ணை. கயிறு பிடிச்ச நேரம் முழுக்க ஏதோ சொல்லிக்கொண்டுதான் நிண்டவா. எனக்குச் சொல்லுகள் பிடிபடேல்லை."

"நீ என்னை மச்சான்னு ஒருநாளும் கூப்பிட்டதில்லையே" என்றான் வீரையா.

இலட்சுமி தன்னுடைய உள்ளங்கைகளைப் பார்த்தாள். தோல் உரிந்து சிவந்திருந்தது. தான் வாய் திறந்ததே அவளுக்கு நினைவில்லை. ஆனால் தொண்டை கம்மியிருந்தது. நெடுநேரம் கதைத்தவளுடைய தொண்டை. அவள் சேலை முடிச்சை அவிழ்த்து, கோழி இறகை எடுத்து அவனுடைய கையில் வைத்து, அது கிடைத்த விதத்தைச் சொன்னாள்.

"உசிரோட எங்கேயோ இருக்கிறவன் என் வாய்க்குள்ள வந்து பேசமாட்டான்" என்றாள். "அந்தப் பொட்டலத்தை எடுங்க. கழிச்சிடுவோம்."

வீரையா தலையை ஆட்டினான். "எனக்கு ஏலாது புள்ள. நேத்துக் குரலைக் கேட்டுப்புட்டு இன்னைக்கு எள்ளு இறைக்க என்னால ஏலாது."

வரும்போது எள்ளைக் கொண்டுவந்தவன் அவன். வேண்டாமென்றவள் அவள். இப்போது இரண்டு பேரும் இடம் மாறி இருந்தார்கள். எள்ளுப் பொட்டலம் வந்த மாதிரியே அக்கராயனுக்குத் திரும்பியது. கயிறு பழையபடி வளையில் ஏறியது.

அதன் பிறகு படலையைத் திறந்து வைக்கிறவன் வீரையா. உச்சி வெயிலில் கயிறு உராய்ந்தால், கூரை காயுது என்று சொல்வதை விட்டுவிட்டு, சாப்பாட்டுக் கோப்பையில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பான். மல்லாவியிலிருந்து தேன் வெட்டச் சொல்லி ஆட்கள் வந்தார்கள்; மாட்டேனென்று திருப்பி அனுப்பினான். இலட்சுமி பழையபடி வயலுக்குப் போனாள். ஆனால் வாய் குறைந்துவிட்டது. சிரிக்கிற இடத்தில் சிரிப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான்.

மாரிப் பெரும்போகத்துக் களையெடுப்பு நேரம் அப்புத்துரை வீரையாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சொல்லுறன் எண்டு குறை நினையாதை. உன்ரை மனிசி வயலுக்கை நிண்டு தன்பாட்டிலை கதைக்கிறா. பெண்டுகள் பயப்பிடுகினம். ஆம்பிளைக் குரல் போலை கிடக்காம்."

வீரையா வேலியோரம் போய் நின்று பார்த்தான். இலட்சுமி குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். மற்றப் பெண்கள் இரண்டு பாத்தி தள்ளிப் போயிருந்தார்கள். அவளுடைய உதடு அசைந்தது. காற்று அந்தப் பக்கமிருந்து வீசியபோது அவனுக்குக் கேட்டது: "இருக்கேன் மச்சான்... விடுறேன் மச்சான்..." அவன் கூப்பிட்டதும் நிமிர்ந்து, நெற்றி வியர்வையைத் துடைத்து, "என்னா, சாப்பாடு கொண்டுவந்தீங்களா?" என்று தன்னுடைய குரலில் கேட்டாள். தான் கதைத்தது அவளுக்குத் தெரியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து அவன் அடுப்படியில் குந்தினான். செத்தவனைப் பிடித்து வைத்திருந்தால் இருக்கிறவளையும் அவன் கொண்டுபோய்விடுவான் என்று அவனுக்குப் பட்டது. அலுமாரி என்று அவர்கள் சொல்கிற பலகைப் பெட்டியைத் திறந்து, பழைய பொட்டலத்திலிருந்த எள்ளைக் கையில் எடுத்து மணந்து பார்த்தான். பழுதில்லை.

இரண்டாயிரத்தொன்று வைகாசியில், பொங்கல் முடிந்ததும், அதே கரைக்குப் போனார்கள். இந்த முறை பாறையில் ஏறப் போகவில்லை. யோகலிங்கம் கடலோரக் கோயில் பூசாரியைக் கூட்டிவந்தார். வீரையா ஈரவேட்டியோடு மணலில் இருந்து, தன் மச்சானுடைய பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னான். நட்சத்திரம் தடுமாறியபோது இலட்சுமி எடுத்துக் கொடுத்தாள். பிண்டம் பிடித்து, எள்ளுத் தண்ணீர் விட்டு, கழுத்தளவு தண்ணீரில் போய் முழுகி வந்தான். அவள் கரையில் நின்றாள். அழுகை வருமென்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் கடலைப் பார்த்து, "பைய" என்று மட்டும் சொன்னாள். அது அவளுடைய குரலா மற்றதா என்று வீரையாவுக்குப் பிடிபடவில்லை.

காகத்துக்கு வாழையிலையில் சோறு வைத்தார்கள். கடற்பறவைகள் தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றின. காகங்களைக் காணவில்லை. பூசாரி இரண்டுமுறை "கா, கா" என்று கூப்பிட்டுப் பார்த்து, தனக்கு வேறு அலுவல் இருக்கிறதென்று போய்விட்டார். தனுஷா பசியில் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டாள். யோகலிங்கம் சங்கடப்பட்டு, "இந்தப் பக்கம் காகம் குறைவு, கொஞ்சம் பிந்தித்தான் வரும்" என்றார்.

"அவன் எப்பவும் சுணங்கித்தான் சாப்பிட வருவான்" என்றாள் இலட்சுமி. "நீங்க போய்ப் புள்ளைக்கு ஏதாவது குடுங்க. நான் இருக்கேன்."

வீரையா மகளை யோகலிங்கத்தோடு அனுப்பிவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் மணலில் இருந்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.